மன்னார்குடியில் காணாமல் போன பாட்டுகள்

மாலை ஐந்து நாற்பதுக்கு என் மகள் மேடைக்குப் பக்கத்திலிருந்து, "அம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். வீட்டில் அவள் என்னை வா, போ என்றுதான் பேசுவாள். மரியாதை வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். கையிலிருந்த காபியைப் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினேன். அந்த நாற்காலியில் பிறகு யார் உட்கார்ந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. விசாரிக்கவும் எனக்குத் தைரியமில்லை.

இடம் மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம், அன்று ஏழு மணிக்கு வரவேற்பு. வரவேற்புக்கு என் மகள்தான் டி.ஜே. தஞ்சாவூரில் ஒருவரிடம் உதவியாளாகப் போய்வந்துகொண்டிருந்தவள், தன் பேரில் தனியாக ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம். மணப்பெண் அவளுடைய கல்லூரித் தோழி.

என் கணவருக்குப் பூதலூரில் விதை, உரக் கடை. மகள் இந்தத் தொழிலுக்குப் போவதைப் பற்றி அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "ஒரு தடவை போய்ட்டு வரட்டும். சரியா வரலைன்னா பேங்க் பரீட்சைக்குப் படிக்கட்டும்" என்றார். மகளிடம் அதைக்கூட அவர் நேராகச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். கோச்சிங் சென்டரில் அடுத்த வகுப்பு எப்போது ஆரம்பிக்கிறது என்று அவர் விசாரித்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஆக, அன்று மாலை அந்த மண்டபத்தில் பாட்டு ஓடினால் அவள் டி.ஜே. ஓடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வட்டிக் கணக்கு. நான் துணைக்கு வந்தவள். பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள் என்பதால் வயர், பிளக் எல்லாம் எனக்கு ஓரளவு தெரியும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப் திரையில் பாட்டுகளின் பெயர்கள் மேலிருந்து கீழ்வரை ஒழுங்காக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் சிவப்பாக ஓர் ஆச்சரியக்குறி.

"எல்லாம் இருக்கேடி" என்றேன்.

"பேருதாம்மா இருக்கு. பாட்டு இல்ல."

பிறகு அவளே விளக்கினாள். பாட்டுகள் லேப்டாப்பில் இல்லை. வெளியே செருகியிருக்கும் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. டி.ஜே. மென்பொருள் அவற்றின் முகவரியை மட்டும்தான் குறித்து வைத்துக்கொள்ளும். இப்போது அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறது. அங்கே வீடே இல்லை என்று திரும்பி வந்து சிவப்புக் குறி போடுகிறது.

அவள் வயரைப் பிடுங்கிச் செருகினாள். வேறு துளையில் செருகினாள். வயரை மாற்றினாள். மென்பொருளை மூடித் திறந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் எதனால் கோளாறு என்று தெரியும் என்று நான் வகுப்பில் சொல்வதைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வகுப்பு முடிந்தது. லேப்டாப்பையே அணைத்துப் போட்டாள். ஹார்டு டிஸ்க் நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, ஒரு குறையும் இல்லாத பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தது. சிவப்புக் குறிகள் அப்படியே இருந்தன.

எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வரும்போது புளியோதரை டப்பாவை ஹார்டு டிஸ்க் இருந்த பையில்தான் வைத்திருந்தேன். எண்ணெய் கசிந்திருக்குமோ? யாரும் பார்க்காதபோது ஹார்டு டிஸ்கை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"என்னம்மா பண்ற?"

"இல்ல, சும்மா."

"மோந்து பாத்தா பாட்டு வருமா? வை கீழ."

மறுபடி வா, போ திரும்பியிருந்தது. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மற்றப் பாட்டுகளையாவது போனிலிருந்து ஓட்டிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு ஆடிக்கொண்டே வருவதாக ஏற்பாடு. அதற்காக நான்கு பாட்டுகளை வெட்டி ஒட்டி என் மகள் ஒரே பாட்டாகச் செய்திருந்தாள். மாப்பிள்ளை சிங்கப்பூரிலும் பெண் மன்னார்குடியிலும் இருந்து வீடியோ காலில் அதற்கு ஆடிப் பழகியிருந்தார்கள்.

"அதுக்கு காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"எங்க?"

"அதே ஃபோல்டர்லதான்."

பழகுவதற்காக அனுப்பிய பதிவு மணப்பெண்ணின் போனில் இருந்தது. மாடிக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தேன். பாட்டு சரியாகத்தான் ஓடியது. ஆனால் அதன் மேல் முதலிலிருந்து கடைசிவரை என் மகளின் குரல்: "லெஃப்ட், ரைட், இப்ப திரும்புடி, உன்னைய இல்ல, அவரைச் சொல்றேன், அண்ணா உங்களுக்குத்தான், கையை இறக்குங்க." ஊர் கூடிய சபையில் மாப்பிள்ளையை இப்படி ஸ்பீக்கரில் அதட்டினால் சம்பந்தம் நிற்குமா என்று யோசித்து, போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

கீழே பெண்ணின் பெரியப்பா நின்றிருந்தார். கல்யாண வேலை முழுக்க அவர் தலையில். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒரு சத்தம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் காது.

"என்னம்மா, டெஸ்டிங் ஒண்ணும் கேக்கலையே?"

"சத்தமில்லாம டெஸ்ட் பண்றோங்க" என்றேன்.

அவர் அதை ஏதோ புது டெக்னிக் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனார். அவர் நகர்ந்ததும் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் வந்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் பெண்ணா, வரன் பார்க்கிறீர்களா, நட்சத்திரம் என்ன என்று விசாரித்தார். நான் என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டேன். அது பொருத்தமில்லை என்று போய்விட்டார்.

மகள் ஹார்டு டிஸ்கையே நேராகத் திறந்திருந்தாள். எங்கள் வீட்டில் அது ஒரு பொதுச் சொத்து. கடையின் பில்கள், என் வினாத்தாள்கள், நாத்தனார் மகன் கல்யாண போட்டோக்கள், யாரோ இறக்கி வைத்த சீரியல் எல்லாம் ஆங்கில அகரவரிசையில் ஃபோல்டர் ஃபோல்டராக அதில் கிடந்தன. அவள் எஸ் எழுத்துக்குப் போனாள். ஸ்கேன் என்று ஒரு ஃபோல்டர், அடுத்து ஸ்டாக் என்று ஒரு ஃபோல்டர். நடுவில் சாங்ஸ் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். இல்லை.

"ஃபோல்டரே போச்சும்மா" என்றாள். "முந்தாநாள்கூட இருந்துச்சு."

தேடச் சொல்லிப் பார்த்தாள். தேடுகிறேன் என்று ஒரு பச்சைக் கோடு கிளம்பி, இரண்டு அங்குலம் வந்து, மூச்சு வாங்க நின்றுவிட்டது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். மறுபடி பெரியப்பா வந்தார். இந்தத் தடவை அவர் டெஸ்டிங் பற்றிக் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த சவுண்ட் செட்காரர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், பென்டிரைவில் எப்போதும் பாட்டு வைத்திருப்பார், வரச் சொல்லிவிடட்டுமா என்றார். குரலில் கோபம் இல்லை. கரிசனம்தான். அதுதான் அவளை அடித்தது.

"கொஞ்ச நேரம் பாக்கலாங்க" என்று நான் சொன்னேன். "ஏழு மணிக்குள்ள வந்துரும்."

எது வரும் என்று எனக்கே தெரியாது.

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நடுவில் எத்தனை பக்கம் வெறுமையாக இருந்தாலும் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்க்காமல் முட்டை போடமாட்டோம். ஒரு பிள்ளை நடுவில் விட்ட விடையைக் கடைசித் தாளில் எழுதி வைத்திருக்கும். நான் மகளை நகரச் சொல்லிவிட்டு, அந்த வரிசையைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். டி, யு, வி எல்லாம் போயின. டபிள்யூ, எக்ஸ், ஒய் போயின. இசட்டும் வந்து போனது. அதற்கும் கீழே, தனியாக, ஒரு ஃபோல்டர்.

'உ சாங்ஸ்.'

பிள்ளையார் சுழி. எந்தக் காரியத்திலும் முன்னால் நிற்க வேண்டியவரைக் கம்ப்யூட்டர் ஆங்கில எழுத்துகள் அத்தனையும் உள்ளே போனபிறகு, கடைசி ஆளாக நிறுத்தி வைத்திருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். மளிகைச் சீட்டு எழுதினாலும், பால்காரருக்கு ஒரு வரி எழுதி வைத்தாலும், மூலையில் சுழி போடாமல் பேனாவை நகர்த்தாதவர். கடை பில்லைத் தமிழில் அடிப்பதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து ஏற்றி வைத்திருப்பவரும் அவர்தான். போன் போட்டேன்.

"ஏங்க, பாட்டு ஃபோல்டர்ல எதாவது எழுதினீங்களா?"

"ஆமா" என்றார். பின்னால் யாரோ சம்பா விதை மூட்டைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். "காலைல பில்லு ஏத்துறப்ப பாத்தேன். சாங்ஸ்னு மொட்டையா இருந்துச்சு. மொத மொத தனியா போறா, மொட்டையாவா போறதுன்னு ஒரு சுழி போட்டு வச்சேன். ஏன்?"

"பேரு மாறிட்டதால பாட்டைக் காணோங்குதுங்க."

விதை கேட்டவரிடம், "கொஞ்சம் இருங்க" என்றார்.

"அதை எடுத்துட்டா வந்துருமா?"

"வந்துருமாம்."

"அப்ப எடுக்கச் சொல்லு" என்றார். தெருமுனைப் பிள்ளையாரை ரோடு போடுவதற்காக நகர்த்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர் குரல் அது. வேறு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்.

மகள் அந்தப் பெயரின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். பெயர் நீலமாக மாறியது. ஒரு எழுத்து. ஒரு விரல். அழித்தால் எல்லாச் சிவப்புக் குறியும் அந்த நிமிடமே போய்விடும்.

"அழிச்சிடவா?" என்றாள்.

நான் கிரகணத்தன்று வகுப்புப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் பிஸ்கட் கொடுத்தவள். "அழி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. மணி ஆறரை தாண்டியிருந்தது. வாசலில் மேளக்காரர்கள் ஒரு சுற்று வாசித்து முடித்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். முதல் கச்சேரிக்கு அரைமணி நேரத்துக்கு முன்னால் சுழியை அழித்துவிட்டு அதற்கப்புறம் மைக் புகைந்தால் நான் யாரைக் குற்றம் சொல்வது?

"எனக்கும் கை வரலம்மா" என்றாள் அவள். பிறகு, அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை: "அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் அம்புக்குறியை நகர்த்திவிட்டாள். சுழியைத் தொடவில்லை. அதற்குப் பதிலாக மென்பொருளுக்குப் புது முகவரியைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு வழி அதிலேயே இருக்கிறதாம். தொலைந்த பாட்டைச் சுட்டி, இதோ இங்கே இருக்கிறது என்று காட்டினால் ஏற்றுக்கொள்ளும். மொத்தமாகக் காட்டினால் நெடுநேரம் ஆகும் என்பதால், முதலில் அந்த ஒட்டுப்பாட்டை மட்டும் காட்டினாள். மென்பொருள் கொஞ்சம் யோசித்தது. அந்த ஒரு பெயருக்கு முன்னால் மட்டும் சிவப்புக் குறி மறைந்தது.

நான் அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதும் எந்தத் திரையிலாவது சிவப்பாக ஒரு குறி பார்த்தால், அது என் கேஸ் சிலிண்டர் புக்கிங்காகவே இருந்தாலும், கையில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஏழு மணி என்று போட்ட வரவேற்பு ஏழேகாலுக்குத் தொடங்கியது. நம்மூர் வழக்கப்படி அது சீக்கிரம்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை கையை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கவில்லை. என் மகளின் குரல் இல்லாதது அவருக்குக் குறையாகத் தெரிந்திருக்கும். கூட்டம் கை தட்டியது. முன்வரிசைப் பிள்ளைகள் நாற்காலியை ஒதுக்கிவிட்டு இறங்கினார்கள். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் அடுத்த பாட்டுக்கு முகவரி காட்டிக்கொண்டிருந்தாள். தண்டவாளம் போட்டுக்கொண்டே அதன் மேல் ரயில் ஓட்டியது போல அந்த முதல் மணி நேரம் போனது. பிறகு குறிகள் எல்லாம் மறைந்துவிட்டன. பெரியப்பா மேடையோரம் வந்து, சவுண்ட் செட்காரரைச் சாப்பிட மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

எனக்கு மூச்சு விட இடம் வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்து, சந்தனக் கிண்ணமும் கல்கண்டும் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே பெரியப்பாதான் வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். கூட்டம் குறைந்து பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு பைக் வந்து நின்றது. என் கணவர் இறங்கினார். போனை வைத்ததுமே கடையை அடைத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கடையில் போட்டிருந்த அதே சட்டை, தோளில் யூரியாப் பொடி, தலைமுடி காற்றில் நட்டுக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து வந்த பாட்டையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு படியேறினார்.

பெரியப்பா கையைப் பிடித்துச் சந்தனத்தைக் காட்டி, "வாங்க, வாங்க. நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார்.

அவர் சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டு, "டி.ஜே. வீடு" என்றார்.