கதையில் இல்லாத டாக்டர்

பினாங்கிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்ததும் இங்கேயே தங்கிவிட்டவள் நான். ஸ்ட்ரெதமில் என் அறையில் உட்கார்ந்து, வார இறுதிகளில் ஒரு படக்கதை வரைந்தேன். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீட்டை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விடும் ஒருவர், அங்கே குடியிருக்கும் பெண்கள், அவ்வளவுதான் கதை. பதிப்பாளர்கள் யாரும் சீண்டவில்லை. "கிரவுட்ஃபண்டிங் பண்ணு, மக்களே போடுவாங்க" என்றார்கள் நண்பர்கள்.

விதி எளிது. அச்சுக்கு வேண்டிய தொகையை இணையதளத்தில் இலக்காகப் போட வேண்டும். கெடுவுக்குள் சேர்ந்தால் பணம் நமக்கு வரும். கொஞ்சம் குறைந்தாலும் ஒரு காசு வராது. கொடுப்பவர்களுக்குத் தொகைக்கேற்ற பரிசு உண்டு: நன்றிப் பக்கத்தில் பெயர், கையெழுத்திட்ட பிரதி, துணிப்பை.

யோசனை சொன்ன நண்பர்கள் இதயக் குறி போட்டார்கள். 'பெருமையாக இருக்கிறது' என்று எழுதிப் பகிர்ந்தார்கள். பணம் மட்டும் போடவில்லை. போட்ட சிலரும் துணிப்பை கறுப்பு நிறத்தில் கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். கதை எதைப் பற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கெடு நெருங்கியும் சேர்ந்த பணம் இலக்கில் பாதியைத் தாண்டவில்லை. வேறு வழியின்றி, மீதித் தொகை முழுவதையும் விலையாக வைத்துப் பெரிய பரிசு ஒன்றைச் சேர்த்தேன்: உங்கள் முகம் கதாபாத்திரமாக வரும். கிங்ஸ்பரியில் கடைகள் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அன்றே அதை வாங்கினார். இலக்கு நிறைந்தது. மறுநாள் அவரே போன் செய்தார்.

"தங்கச்சி, நான் கதையில ஆர்?"

"வீட்டுக்காரர், அண்ணை. மத்தவங்க எல்லாம் பொம்பளைங்கதான்."

"நல்ல மனுசனோ?"

"இல்ல. ஹீட்டரை நிறுத்திட்டு வாடகையை ஏத்துறவரு."

"அது சரிவராது. என்ர ரெண்டு வீடும் வாடகைக்குத்தான் விட்டிருக்கு. சனம் என்ன நினைக்கும்? என்னை டொக்டராப் போடுங்கோ."

"கதையில டாக்டரே இல்லையே."

"ஏன், போட ஏலாதோ? நீங்கள்தானே கீறுறது."

போட்டேன். அவர் மாப்பிள்ளைக் கோலத்தில் எடுத்த பழைய படத்தை அனுப்பியிருந்ததால் தலை நிறையக் கறுப்பு முடியும் வைத்தேன். டாக்டர் படியேறி வருகிறார், இருமும் பெண்ணிடம் மருந்தை ஒழுங்காகக் குடிக்கச் சொல்கிறார், இறங்கிப் போகிறார். இருமலுக்கு வீடு தேடி வரும் டாக்டரை லண்டனில் எவரும் கண்டதில்லை.

புத்தகம் வந்ததும் தன் மகளின் பிறந்தநாள் விழாவுக்கு என்னை அழைத்தார். மேசைக்கு ஒரு பிரதி, டாக்டர் வரும் பக்கத்திலேயே விரித்து வைத்திருந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு மேசை மேசையாகப் போனார்.

"இந்தப் பிள்ளைதான் கீறினது. புத்தகம் போட்டது நான்."

"என்ன கதை, அண்ணை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு டொக்டரின்ர கதை."

சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்ததுக்கும் நான் தாறன். டொக்டரைக் கொஞ்சம் கூடக் காட்டுங்கோ."

"வேணாம், அண்ணை."

"காணாதெண்டா இன்னும் தாறன்" என்றார். வேண்டாம் என்பதைப் பேரம் என்று எடுத்துக்கொண்டார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் பிடித்தேன்.

இரண்டாவது புத்தகத்தை என் சம்பளத்தில் சிறியதாக அச்சிட்டேன். விற்றது கொஞ்சம்தான். வாங்கிய ஒரு பெண், நடுப்பகுதி அறுவை என்று எழுதியிருந்தாள். படித்திருக்கிறாள்.