சவரிமுத்துவின் இரண்டு சீட்டு

மருந்துக் கடையில் நிற்பவனுக்குப் பாதி வியாதி புரியாது, மீதி கையெழுத்து புரியாது. என்னைப் போல் அலமாரிக்கு முன்னால் நின்று விழித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் கம்பவுண்டராக இருந்த நான் அதிகம் விழித்தது தொண்டூர் சவரிமுத்து விஷயத்தில்தான்.

நெஞ்சு சரி, வாய் கெட்டது

சவரிமுத்து நாற்பது வயது விவசாயி. நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்று விழுப்புரம் டாக்டர் ஒருவர் சீட்டில் குவினிடின் மாத்திரை எழுதியிருந்தார். எடுத்துக் கொடுத்தேன். பத்தாம் நாள் அவர் மனைவி லூர்துமேரி மட்டும் வந்தாள். படபடப்பு நின்றுவிட்டதாம். ஆனால் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லையாம், சாயங்காலமானால் கண்ணைத் திறக்க முடியவில்லையாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும், "நெஞ்சு பலவீனம்னா உடம்பும் தளரத்தான் செய்யும்" என்று பெரிய வைத்தியன் மாதிரி சொல்லி ஒரு டானிக்கை நீட்டினேன். அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா கம்பவுண்டரே, நெஞ்சு நல்லாயிட்டா வாய் ஏன் கெட்டுப்போவுது?"

ஊதச் சொன்னார்கள்

அப்போது மதுவிலக்கு. அடுத்த வாரம் பஸ்ஸை விட்டு இறங்கிய சவரிமுத்துவை ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து என் கடைக்கே இழுத்து வந்தார். நாக்கு குழறுகிறது, கண் சொருகுகிறது, கால் தள்ளாடுகிறது. குடித்திருக்கிறார் என்பதைத் தவிர போலீஸ்காரர் வேறென்ன நினைப்பார்? பின்னால் லூர்துமேரி அழுதுகொண்டே வந்தாள்.

போலீஸ்காரர் சவரிமுத்துவை ஊதச் சொல்லி, என்னை மோந்து பார்க்கச் சொன்னார். அந்த மனிதரால் ஊதவே முடியவில்லை. போலீஸ்காரரும் குழம்பிவிட்டார்.

"வாசமும் இல்ல, மூச்சும் இல்ல. நான் இன்னான்னு எழுதறது?"

சுருக்குப்பைக்குள் இருந்தது

குடிக்கவில்லை என்று காட்ட லூர்துமேரி சுருக்குப்பையிலிருந்து இன்னொரு மருந்துச் சீட்டை எடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் பட்டணத்து டாக்டர் கொடுத்தது. கண், தொண்டை, மூச்சு என்று தசையெல்லாம் தளர்ந்துபோகும் தசைச்சோர்வு நோய் என்று எழுதி, அதற்கு மாத்திரையும் எழுதியிருந்தார். அந்த மாத்திரை பட்டணத்திலிருந்தே தபாலில் வந்துகொண்டிருந்ததாம். கீழே சிவப்பு மசியில், தசையை இன்னும் தளர்த்திவிடும் என்பதால் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியல். மூன்றாவது பெயர் குவினிடின்.

நான் என் கையால் எண்ணிக் கொடுத்த மாத்திரை! "இதை ஏம்மா விழுப்புரத்துல காட்டலை?" என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல்.

"ஒரு டாக்டர்கிட்ட இன்னொரு டாக்டர் சீட்டக் காட்டுனா அவருக்கு மரியாதையா இருக்குமா?"

முதல் கேள்வி

போலீஸ்காரரே ஒரு காரை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். விழுப்புரம் டாக்டர் இரண்டு சீட்டையும் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. உடனே குவினிடினை நிறுத்தி, படுக்கையில் போட்டு, பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனித்தார். பட்டணத்து டாக்டரைக் கேட்டுத்தான் நெஞ்சுக்கு வேறு மருந்து கொடுத்தார். நாலாம் நாள் கஞ்சி இறங்கியது. சவரிமுத்து என்னைக் கூப்பிட்டு, முதல் தடவையாகத் தெளிவாகப் பேசினார்.

"டாக்டரு கோச்சிக்கினாரா?"

பொருத்தம்

அதற்குப் பிறகு யார் சீட்டு நீட்டினாலும், "வேறு சீட்டு இருக்கிறதா?" என்று கேட்க ஆரம்பித்தேன். பக்கத்து ஜவுளிக்கடை முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"மருந்து வாங்க வந்தா ஜாதகப் பொருத்தம் பாக்குறியேப்பா!"

இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாராவது ஒரு டாக்டர் கோபித்துக்கொள்வார்தான், ஆனால் அதைக் கேட்டு வருத்தப்பட நோயாளி உயிரோடு இருப்பாரே!