பென்சிலில் போட்ட தேதி

விதிப் புத்தகத்தில் எந்த விதியைப் பார்த்தாலும் அதன் ஓரத்தில் பென்சிலால் அன்றைய தேதியைப் போடுவது என் பழக்கம். நாளைக்கு யாராவது, "இதைப் பார்த்துத்தான் செய்தாயா?" என்று கேட்டால் காட்டலாம் என்ற முன்ஜாக்கிரதை. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தேன். கோவில்பத்திலிருந்து சைக்கிளில் போய் வருவேன். அத்தனை வருஷத்தில் அந்தத் தேதிகளைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பதிவறையிலிருந்து ஒரு நிலக் கோப்பு காணாமல் போயிற்று. பதிவறைச் சாவி வைத்திருந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நாகூர்க்காரர். வேலைக்காகக் காரைக்காலில் குடியிருந்தார். ஒரு தாளைக்கூட மடங்கவிடாத மனுஷன். கோப்பு இல்லை என்றதும் அதிகாரி குதித்தார். "விசாரணை முடியிறவரைக்கும் அந்த ஆளு உள்ள நுழையக் கூடாது. சஸ்பென்ஷன் ஆர்டர் எழுதிக் கொண்டாங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தவன் நான்தான். எங்கள் அலுவலகத்தில் எதையும் யோசித்து எழுதுகிற வழக்கம் கிடையாது. பழைய கோப்பை எடுப்போம், அதில் இருப்பதைப் பார்த்து எழுதுவோம், பெயரையும் தேதியையும் மாற்றுவோம். பழைய சஸ்பென்ஷன் உத்தரவு ஒன்று கிடைத்தது. பாண்டிச்சேரித் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் பாண்டிச்சேரி மேலதிகாரி. அந்த இடத்தில் எங்கள் அதிகாரியின் பதவியைப் போட்டேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சுறுசுறுப்பானவன் என்று எனக்குப் பெயர்.

சஸ்பென்ஷன் தண்டனை அல்ல. விசாரணை நடக்கும்போது ஆவணத்தையோ சாட்சியையோ கலைத்துவிடாமல் இருக்க ஆளைத் தள்ளி வைப்பது, அவ்வளவுதான். எங்கள் அதிகாரிக்கு அது போதவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு வந்து தனி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், சாயங்காலம் வரை வராந்தா பெஞ்சில் உட்கார வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு போட்டார். பதிவறைப் பக்கமே வரக் கூடாத ஆளைப் பதிவறைக்கு எதிரிலேயே உட்கார வைத்த அந்த மூளையை என்னவென்று சொல்ல! நோட்டு என் மேஜையில்தான் இருந்தது. சான்றிதழ் வாங்க வருகிற கடைத்தெரு ஆட்கள், "என்ன தம்பி, வெளியில உக்காந்துட்டீங்க?" என்பார்கள். "உள்ள புழுக்கமா இருக்குண்ணே" என்று சிரிப்பார். இரண்டாவது வாரத்தில் அந்தச் சிரிப்பும் நின்றுபோயிற்று.

உத்தரவின் கடைசி வரி, அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை, அதாவது காரைக்காலை, விட்டு வெளியே போகக் கூடாது என்பது. வேறு ஊரில் அது சாதாரண வரி. எங்களுக்கு அப்படியில்லை. வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு, உடனே நாகூர். மீன் வாங்கவும் வைத்தியரைப் பார்க்கவும் எங்கள் ஜனம் யோசிக்காமல் தாண்டுகிற எல்லை அது. அவருடைய தாயார் நாகூரில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். வாரம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவந்தவர், உத்தரவு வந்த நாளிலிருந்து போகவில்லை. "எல்லையத் தாண்டினான்னு தெரிஞ்சா அதையும் ஒரு குற்றச்சாட்டாச் சேத்துடுவேன்" என்று அதிகாரி எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருந்தார்.

மாதக் கடைசியில், சஸ்பென்ஷனில் இருப்பவருக்குத் தர வேண்டிய பாதிச் சம்பளத்துக்குக் காகிதம் தயார் செய்ய விதிப் புத்தகத்தைத் திறந்தேன். தேடிய விதிக்கு மேலேயே, ஓர் ஊழியரை சஸ்பெண்ட் செய்ய யாருக்கு அதிகாரம் என்ற விதி இருந்தது. அவரை நியமித்தவருக்கு, அல்லது எழுத்து மூலம் அந்த அதிகாரம் தரப்பட்டவருக்கு. நாகூர்க்காரருடைய பணிப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நியமன உத்தரவு பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. எங்கள் அதிகாரிக்கு அதிகாரம் தந்த காகிதம் எந்தக் கோப்பிலும் இல்லை. நான் எழுதிய உத்தரவு செல்லாது. பெஞ்சு, நோட்டு, வாஞ்சூர் எல்லை, எதற்கும் அவர் கட்டுப்பட வேண்டியதில்லை.

சொன்னால் முதலில் என் கழுத்துக்குத்தான் வரும். அந்த வருஷம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே, பழக்க தோஷத்தில், விதியின் ஓரத்தில் தேதியைப் போட்டேன்.

அதற்கு ஆறாம் நாள் காலை அவர் என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணே, உம்மாவுக்கு ரொம்ப முடியலயாம். மச்சான் ஆளனுப்பியிருக்காங்க. போய் முகத்தப் பாத்துட்டு சாயங்காலமே வந்துடுறேன். போகலாமாண்ணே?"

அதிகாரி அன்று பாண்டிச்சேரிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். "போங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது சட்டப்படியும் சரியான வார்த்தை. நான் சொன்னது இது:

"அதிகாரி இல்லியே தம்பி. எழுதிக் குடுங்க, நாளைக்கு வந்ததும் மொத ஆளா கையெழுத்து வாங்கித் தர்றேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் என்னை நம்பினார். அழகான கையெழுத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒரு நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் தாயார் முந்தின நாள் சாயங்காலமே மவுத்தாகிவிட்டிருந்தார். செய்தி காலையில்தான் வந்தது. அதற்குப் பிறகும் அவர் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மையித்தைக் குழியில் இறக்கி மூடிவிட்டார்கள். மூன்று பிடி மண் போட முடிந்ததாம். முகம் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கட்டு வந்தது. வேறொரு கட்டோடு சேர்த்து நாங்களே அனுப்பிவைத்திருந்த அந்த நிலக் கோப்பு அதற்குள் இருந்தது. கூடவே ஒரு கடிதம்: எந்த அதிகாரத்தின் பேரில் சஸ்பெண்ட் செய்தீர்கள்? காட்டுவதற்கு அதிகாரியிடம் ஒரு காகிதமும் இல்லை. உத்தரவு ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆயிற்று. அவர் பெஞ்சில் இருந்த நாளெல்லாம் வேலை பார்த்த நாளாகக் கணக்கில் ஏறியது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதவி உயர்வும் வந்தது. மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் சின்னச் சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவரை என் பிரிவிலேயே போட்டார்கள். எதிர் மேஜை. ஒரு வருஷம் இருக்கும், ஏதோ ஒரு விதிக்காகப் புத்தகத்தைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, இது நீங்க போட்ட தேதிதானே?"

"ஆமாம் தம்பி."

"விதியப் பாத்த அன்னிக்கே போடுறதுதானே?"

"ஆமாம்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் அழுதாவது இருப்பேன். என் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, என் தேதிக்குக் கீழே தன் அழகான எழுத்தில் இன்னொரு தேதியை எழுதினார். அவருடைய தாயார் மவுத்தான நாள். புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். அதற்குப் பிறகு பல வருஷம் எதிரெதிரே வேலை பார்த்தோம். அண்ணே என்று மட்டும் அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

ஓய்வு பெற்ற அன்று சாவிகளோடு அந்தப் புத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கடைசியாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு தேதிகளும் அழியாமல் இருந்தன. ரப்பர் இழுப்பறையில்தான் இருந்தது. என் தேதியை அழிக்க எனக்கு யோக்கியதை இல்லை, அவர் எழுதியதை அழிக்க உரிமை இல்லை. மூடி, புதிதாக வந்த குமாஸ்தாவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.