தயிர்சாதத்தில் பத்துச் சொட்டு

அக்னஸுக்கு நோயாளிகள்மேல் கோபமே வராது. இருபத்திரண்டு வருஷமாக மனநல அவசர வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். அறை வாங்கியிருக்கிறாள், மணிக்கட்டில் கடியும் வாங்கியிருக்கிறாள். வீடு திரும்ப மன்னார்புரம் பஸ்ஸில் ஏறும்போதே அதெல்லாம் மறந்துபோகும். கூட வருகிற சொந்தக்காரர்கள்தான் அவளுக்கு ஆகாது. பாதி உண்மையைச் சொல்வார்கள், மீதியை முந்தானையில் முடிந்துகொள்வார்கள். கேட்டால் கண்ணைக் கசக்குவார்கள். அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

திங்கட்கிழமை நவநீதன் வந்தான். முப்பத்திநாலு வயது, துவாக்குடியில் லேத் பட்டறை வேலை, ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் வாசம். காவிரிப் பாலத்துச் சுவரில் ஏறி நின்றவனை நாலு பேர் இழுத்து ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அடுப்புக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்றான். பட்டறையில் தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்றான். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றும் சொன்னான்.

அக்கா மகாலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "ஊட்டி வளத்த கை சிஸ்டர் இது. என்னையே சொல்றான் பாருங்க."

மூன்றையும் பிரமை என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள் அக்னஸ்.

ஊசியில் குரல்கள் கொஞ்சம் அடங்கின, பிடிவாதம் அடங்கவில்லை. மாத்திரையைத் துப்பினான், இட்லியைத் தள்ளிவிட்டான். டிரிப்ஸை இரண்டு தடவை பிடுங்கி எறிந்தான். புதன்கிழமை ரவுண்ட்ஸில் டாக்டர் ஹரிபிரசாத் சொல்லிவிட்டார்: "நாளைக் காலை வரைக்கும் பாப்போம். அப்பவும் சாப்பிடலைன்னா கையைக் கட்டி மூக்குல டியூப்தான்."

அப்படிக் கட்டப்பட்டவர்களை அக்னஸ் பார்த்திருக்கிறாள். அதன்பிறகு வெள்ளைக்கோட்டைக் கண்டாலே ஒடுங்கிப்போவார்கள். இவனுக்கு அது வரக்கூடாது என்று உரிக்காத வாழைப்பழம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பி ஊசித் தடம் தேடினான்.

"உங்க அக்கா போயி அப்படிச் செய்வாங்களா தம்பி?"

"நீங்களும் அவங்க ஆளா?" பழம் கட்டிலுக்கடியில் போய் விழுந்தது.

மத்தியானம் மகாலட்சுமி டிபன் கேரியரோடு வந்தாள். வராந்தா குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரமாக நிற்கிறாளே என்று அக்னஸ் பின்னால் போய்ப் பார்த்தாள். சின்னப் பாட்டில் ஒன்றிலிருந்து தயிர்சாதத்தில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. எட்டு, ஒன்பது, பத்து.

அக்னஸ் பாட்டிலைப் பிடுங்கினாள். "எத்தனை நாளா நடக்குது இது?"

"ஆறு மாசமா. வேற ஒரு டாக்டர் குடுத்தாரு சிஸ்டர். ரசத்துல, மோருல விடுவேன். நல்லாத்தான் இருந்தான். எப்படியோ மோப்பம் புடிச்சு வெளிய சாப்பிட ஆரம்பிச்சான், மருந்து நின்னுபோச்சு. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு..."

அக்னஸுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. கலக்கிறார்கள், கலக்கிறார்கள் என்று மூன்று நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறான். தன் கையே அதைப் பிரமை என்று எழுதி வைத்திருக்கிறது. இவள்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது.

"வாங்க. தம்பிகிட்ட உங்க வாயால சொல்லுங்க."

"ஐயோ, சொன்னா என்னைக் கொன்னுடுவான்!"

"கொல்லட்டும்." கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்துப் போனாள்.

மகாலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான்டா கலந்தேன். மருந்துதான், விஷமில்ல." நவநீதன் அவளைப் பார்க்கவில்லை. அக்னஸைப் பார்த்தான்.

"அப்ப அடுப்பு பேசினது?"

"பேசல தம்பி. பட்டறையில யாரும் படம் பிடிக்கல. சாப்பாடு விஷயம் மட்டும் நிஜம். நீங்க சொன்னது சரி, நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவன் முகத்தில் என்னவோ இளகியது. அக்னஸ் பிரிக்காத மாத்திரை அட்டையை அவன் முன்னால் வைத்து, இது எதற்கு, என்ன செய்யும், எப்படித் தூக்கம் வரும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க" என்றாள். அவன் அட்டையை நெடுநேரம் வாசித்தான். பிறகு தானே ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தான். மூன்று நாளில் அவன் தொண்டை நனைந்தது அப்போதுதான்.

மகாலட்சுமி விம்மிக்கொண்டே அவன் தோளைத் தொடப் போனாள். அவன் நகர்ந்துகொண்டான்.

"ஒரு நாள் என்கிட்ட கேட்டிருக்கலாமேக்கா. குடிச்சிருப்பேன்."