சாகக் கிடந்த ராஜா

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ராஜபாளையம் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. அதில் ஒரு விளையாட்டு: ராஜா சாகக் கிடக்கிறார், மலைக்குகைப் பூதத்தைக் கொன்று மூலிகை கொண்டுவர வேண்டும். நானோ கதாநாயகனை வீடு வீடாகக் கூட்டிப்போய் எல்லாரிடமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டும், தெருக் கோழிகளை விரட்டிக்கொண்டும் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் பின்னால் நின்று கத்தினார்.

"ஏட்டி, அங்க ராஜா உசுரு ஊசலாடுது, நீ கோழிய வெரட்டிக்கிட்டு இருக்க!"

"அவிய காலையில இருந்து அப்படியேதான் கெடக்காவ. செத்த நேரம் பொறுக்கட்டும்."

அவருக்குப் பொறுக்கவில்லை. மவுஸைப் பிடுங்கி நேரே குகைக்கு ஓடினார். பூதம் நெருப்பை ஊதிக் கதாநாயகனைக் கரியாக்கிவிட்டது. மறுபடி ஓடினார், மறுபடி கரி. பிறகு நான் விளையாட்டில் ஊர் சுற்றும்போது, குளத்தங்கரை மீன்காரி பேச்சுவாக்கில் நெருப்புத் தாங்கும் கேடயம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்கு ஸ்கூட்டரில் போனோம். எப்போதும் கும்பிட்ட கையோடு வீட்டுக்குப் பறக்கிறவர், அன்று வண்டியைப் பிளவக்கல் அணைப் பக்கம் திருப்பினார்.

"அங்க என்னதான் இருக்குன்னு பார்த்துட்டுப் போவோமே" என்றார்.

பொழுது சாயும்வரை சுற்றினோம். அதன்பிறகு எந்த ஞாயிறும் நாங்கள் வீட்டில் இல்லை. கேடயம் கிடைத்தும் பூதத்தின் குகைக்கு மட்டும் போகவில்லை. பாவம், அந்த ராஜா இன்னமும் சாகக் கிடக்கிறார்.