புகாருக்குள் போன இங்கிலீஸ் பாட்டு

போன மார்கழி, திருவெம்பாவைக் காலம். கொட்டியாரக் குடாவின் கரையில், கட்டைபறிச்சானுக்குக் கிட்ட உள்ள ஒரு பிள்ளையார் கோயிலில் விடியற்காலை நடந்த சம்பவம் இது. கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டியது நான்தான். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கலியாணமோ திருவிழாவோ, சத்தம் நல்லாய்க் கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ரேடியோ திருத்தும் கடையொன்றில் கூட்டித் துடைக்கப் போனவன், இன்று சொந்த வான், சொந்த அம்ப்ளிபயர், ஆள் உயர ஸ்பீக்கர் பொக்ஸ்கள் எல்லாம் வைத்திருக்கிறேன். ஒருவரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

இன்னொன்றையும் மார்தட்டிச் சொல்வேன். பழைய இங்கிலீஸ் பாட்டுகளை என்னைப் போல ரசித்தவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. அந்தக் கடைக்குக் கப்பல்காரர் ஒருவர் திருத்தக் கொடுத்த ரேப் ரெக்கோடருக்குள் ஒரு கசெற் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சொல் ஒன்றும் விளங்காது, இன்றைக்கும் விளங்காது. விளங்கி என்ன செய்ய? ஒரு கிற்றார் தனியே முனகிக்கொண்டு தொடங்கும். இன்னொன்று வந்து சேரும். போதும் என்று நினைக்கும்போது ட்ரம்ஸ் விழும் பாருங்கள், பாலத்தில் லொறி ஏறின மாதிரி நெஞ்சு அதிரும். பிறகு பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான். கத்தலிலும் சுருதி தப்பாது! பாட்டின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மற்ற ஸ்பீக்கர்காரரும் நாளைக்கே அதைப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கே பொக்ஸ் கட்டினாலும் முதலில் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் சோதிப்பேன். கீழ்ச்சத்தம், மேல்ச்சத்தம், மனிதக் குரல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அதைத் தாங்கின பொக்ஸ் எதையும் தாங்கும். அந்தக் கோயிலிலும் முதல்நாள் அப்படித்தான் செய்தேன். கோயில் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன காணும் இது? பிள்ளையாரை எழுப்பச் சொன்னா, ஊரை விட்டே துரத்திப்போடுவீர் போல கிடக்கு!”

சனம் சிரித்தது. இனிக் கோயிலடியில் அந்தப் பாட்டு வேண்டாமென்று முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் திருவாசகத்தைப் போட்டேன்.

சில நாள் கழித்து ஒரு விடியல். கடலும் கரையும் தெரியாமல் பனிப்புகார் மூடியிருந்தது. திருவாசகம் போய்க்கொண்டிருந்தபோது தலைவரின் போன் அடித்தது. அவருடைய மருமகனும் கூட்டாளியும் எஞ்சின் போட்டில் வலை எடுக்கக் குடாவுக்குள் போயிருந்தார்கள். திசை தவறிவிட்டது. துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒன்று கிட்டவே ஊதுகிறது, எந்தப் பக்கம் விலகுவதென்று தெரியவில்லை என்கிறார் மருமகன். அந்த ஊதல் எங்களுக்கும் கேட்டது. அந்த மருமகனின் பெண்சாதியான தலைவரின் மகள் தகப்பனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் உடனே சத்தத்தைக் கூட்டினேன்.

“பிரயோசனமில்லை மாமா,” என்று போனில் மருமகன் கத்தினார். “சம்பூர்ப் பக்கமும் இதுதான், திருகோணமலை ரவுண் பக்கமும் இதுதான். எல்லாக் கோயிலிலயும் ஒரே பாட்டு. எங்கட கோயில் எது எண்டு பிடிக்க ஏலாமக் கிடக்கு. ஸ்பீக்கர் அண்ணையின்ர அந்த இங்கிலீஸ் பாட்டைப் போடச் சொல்லுங்கோ!”

தலைவர் மூலஸ்தானத்தைத் திரும்பிப் பார்த்தார். மகள் பொறுக்கவில்லை. “அப்பா, பிள்ளையாரோட நான் கதைக்கிறன். நீங்கள் போடச் சொல்லுங்கோ!”

“போடும் காணும்!” என்றார் தலைவர்.

வானில் கிடந்த பெரிய பொக்ஸ்களையும் இறக்கினோம். எல்லாவற்றையும் கடலைப் பார்க்கத் திருப்பினேன். ஐயர் தானாகவே மணியை நிறுத்தினார். கிற்றார் தொடங்கியது. மருமகன் எஞ்சினை நிறுத்திக் காது கொடுத்தார். தலைவர் போனை என் காதில் வைத்தார்.

“அண்ணை, கிற்றார் சாடையாத்தான் கேட்குது. ட்ரம்ஸ் விழுற இடம் இருக்கெல்லே, அதைத் திருப்பித் திருப்பிப் போடுங்கோ!”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பாட்டில் ட்ரம்ஸ் எங்கே விழும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது! அந்த இடத்தையே மறுபடி மறுபடி போட்டேன். கொஞ்சம் ஓடுவதும், எஞ்சினை நிறுத்திக் கேட்பதும், மறுபடி ஓடுவதுமாக வந்தார்கள். கப்பலின் ஊதல் அவர்களுக்குப் பின்னால் விலகிப் போனது. கடைசியில் புகாரைக் கிழித்துக்கொண்டு போட்டின் மூக்குத் தெரிந்தபோது, கரையில் நின்ற சனம் சொல் தெரியாமலே அந்தப் பாட்டை வாயால் முழக்கிக்கொண்டிருந்தது.

மகள் தண்ணீருக்குள் ஓடினாள். தலைவர் என் பக்கத்தில் வந்து கண்ணைத் துடைத்தார்.

“உந்தப் பாட்டில என்ன காணும் சொல்லுறான்?”

“ஆருக்குத் தெரியும்!”

“கரைக்கு வா எண்டுதான் சொல்லியிருப்பான்,” என்றார்.

என் பொக்ஸைச் சோதிக்க மட்டும்தான் அந்தப் பாட்டைப் போடுகிறேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்; நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்று எனக்கே தெரியாமல் இந்தக் குடாக்கரைச் சனத்தின் காதில் ஏறி, உயிர் போகும் நேரத்தில் அவர்கள் நம்பி வரக்கூடிய திசையாக இருந்தது என்பதை விடப் பெரிய சம்பாத்தியம் எனக்கு வேறு இல்லை.