வாலில் கட்டிய சுறா

மாந்தாவுக்கு வாய் நீளம். கொழுந்தன் யெரோலிமுக்கு வாயும் நீளம், புளுகும் நீளம். அவள் புருஷன் செத்த நாளிலிருந்து, அந்த வீட்டில் பாதி தனக்குத்தான் என்று அடுத்த வீட்டிலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். கோடையில் அந்தத் தீவுக்குக் கடலில் குளிக்க வருகிறவர்களுக்கு இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டால்தான் அவளுக்கு வருஷம் முழுக்க அடுப்பு எரியும்.

அந்த ஆகஸ்டில், அவள் வீட்டுப் படித்துறையில் இறங்கிய, அவளிடம் தங்கியிருந்த செக் நாட்டுக்காரி ஒருத்தி கணுக்காலில் ரத்தம் வழிய அலறிக்கொண்டு ஏறி வந்தாள். மாந்தா காயத்தில் திராட்சைச் சாராயத்தை ஊற்றிக் கட்டிவிட்டாள். அதற்குள் யெரோலிம் தெருவில் நின்று கத்தினான்.

"அண்ணி வீட்டுத் துறையில ஆளைத் தின்னுற சுறா! புள்ளகுட்டியோட வந்தவங்க உசுரக் காப்பாத்திக்குங்க!"

அறைகளில் இருந்தவர்கள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள்.

மாந்தா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மணலுக்குள் புதைந்து கிடந்தது ஸ்க்லாட். திருக்கை போலத் தட்டையாக இருக்கும், ஆனால் சுறா. தானாக வந்து ஆளைக் கடிக்காத சோம்பேறி. ஆள் நெருங்கினால் விலகிப் போய்விடும். மிதித்தாலோ பிடித்தாலோதான் பல் பதியும். இது ஏன் விலகவில்லை? வாலில் கயிறு கட்டியிருந்தது. சந்தைப் படகு வரும்வரை கெடாமலிருக்க, பிடித்ததை உயிரோடு கட்டிப்போடுவது தீவில் எல்லாருக்கும் பழக்கம். ஆனால் அவனவன் துறையில்தான் கட்டுவான்.

"டேய் யெரோலிம்! இது யாரு கயிறுடா?"

சுவருக்கு மேல் தலை தெரிந்தது. "என்னுதுதான். என் பக்கம் வெயில் அடிக்குது, அங்க நிழல்ல கட்டினேன். இப்ப என்னாங்கற?"

"வால்ல கட்டிப்போட்டதை மிதிச்சா கடிக்காம முத்தமாடா குடுக்கும்?"

"அண்ணி, கயித்துல கைய வைக்காதே. நாளைக்குச் சந்தைக்குப் போகுது."

"நீ போடா சந்தைக்கு. உன்னைச் சும்மா குடுத்தாலும் ஒருத்தி தொடமாட்டா."

இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்தாள். சுறா மணலைக் கலக்கிவிட்டுப் போய்விட்டது.

விருந்தாளிகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள், நம்பவும் செய்தார்கள். ஆனாலும் பெட்டியோடு படகில் ஏறிவிட்டார்கள். அந்தக் கோடையில் வேறு யாரும் வரவில்லை.

குளிர்காலத்தில் அவள் முட்டைக்கோசையும் காய்ந்த அத்திப்பழத்தையும் தின்றுகொண்டிருந்தபோது, யெரோலிம் சுவர்மேல் ஒரு கூடை மீனை வைத்தான்.

"அண்ணி, எடுத்துக்க."

அவன் கண்ணெதிரே அத்தனையையும் பூனைகளுக்குப் போட்டுவிட்டு, வெறுங்கூடையை அவன் தலைக்கு நேராக வீசினாள்.